உயர்நிலைப் பள்ளிக் கழகமும் நற்குடிமையும்



கணக்கிலும் பூகோளத்திலும் நீங்கள் பெற்றுள்ள தேர்ச்சியை அளந்தறியத் தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. வாய்மை, நேர்மை, பொறுப்புணர்ச்சி என்பவற்றை அளந்தறிய அத்தகைய தேர்வு எதுவும் பள்ளியில் இல்லை. ஆயினும், நாளை உங்களோடு ஒரே தெருவில் வாழப்போகிறவர்களும் ஒரே தொழிற்கூடத்தில் பணி செய்யப்போகிறவர்களும் உங்களிடத்தில் முதன்முதலாக எதிர்பார்ப்பன இப்பண்புகளேயாம். ஒருவன் எத்துணை மதிப்பெண் பெற்றான் என்பதை ஊர் விரைவில் மறந்துவிடும். சொன்ன சொல்லைக் காப்பவனா, பொதுப்பணத்தை ஒப்படைத்தால் கணக்குத் தருபவனா என்பதை மறப்பதில்லை.

இப்பண்புகளை எங்கே கற்பது? வீட்டில் என்பர் சிலர். கோயிலில் என்பர் சிலர். நீதிநூல்களில் என்பர் வேறு சிலர். மூன்றும் உண்மையே. வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும், ஊரோடு ஒத்து உதவி வாழும் ஒப்புரவறிதலுக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆனால், நீச்சலைப் பற்றிய நூலைக் கற்றவன் நீரில் இறங்கினாலன்றி நீந்த மாட்டான். ஒழுக்கமும் அத்தகையதே. அதனைப் பழகிப் பார்ப்பதற்கு ஒரு துறை வேண்டும். தவறினால் மூழ்கிவிடாத அளவுக்கு ஆழம் குறைந்த துறையாக அது இருத்தல் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் தாமே நடத்தும் சிறு கழகம் அத்தகைய ஒரு துறை. கிறிஸ்தவ நற்பண்பையும் நற்குடிமையையும் வளர்ப்பதற்கென்று தோன்றிய மாணவர் கழகங்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு இயங்கின, எங்கே சறுக்கின, விம்கோ நகர் போன்றதோர் ஊருக்கு அவற்றால் விளையக்கூடிய பயன் யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

விம்கோ நகரை எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்த இவ்வூர், தன் பெயரையே ஒரு தொழிற்சாலையிடமிருந்து பெற்றது. 1923-இல் சுவீடன் நாட்டாரின் முதலீட்டுடன் தோன்றிய மேற்கு இந்தியத் தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே 'விம்கோ' என்பது. அதனைச் சூழ்ந்த கடற்கரை நிலமெங்கும் காலப்போக்கில் தொழில் பெருகிற்று. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனமே பின்னர் எம்.ஆர்.எப். என்னும் டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. மோட்டார் சைக்கிளும் லாரியும் இந்நிலப்பகுதியில் உருவாயின. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ இரயிலும் விம்கோ நகர் வரை வந்து சேர்ந்தது.

தொழிற்சாலையைத் தேடி வந்த மக்கள் ஒரே ஊரினர் அல்லர். ஒரே குலத்தினரும் அல்லர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர், திருநெல்வேலியிலிருந்து வந்தவர், தெலுங்கு பேசுபவர், மலையாளம் பேசுபவர் எனப் பலர் இங்கே குடியேறினர். அவர்கள் வருவதற்கு முன்பே கடலை நம்பி வாழ்ந்த மீனவர் குப்பங்களும் உண்டு. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் அழைப்பும் ஒரே காற்றில் மிதந்து வரும் இடம் இது. தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தில், பொய் சொன்னால் பாட்டனார் பெயர் கெடும் என்ற அச்சமாவது இருக்கும். தொழில் நகரில் அண்டை வீட்டாரின் பெயரே தெரியாதிருக்கலாம். அங்கே நற்குடிமை தானாக முளைப்பதில்லை. அதனைப் பயிரிட்டே வளர்த்தல் வேண்டும்.

நாம் பேசவந்த கழகங்களின் மூல இயக்கமும் இத்தகைய தொழில் நகரிலேதான் பிறந்தது. இலண்டன் மாநகரில் ஜவுளிக் கடை ஒன்றில் பணி செய்தவர் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர். அக்காலத்தில் கடைப் பணியாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உழைத்து, கடையின் மாடியிலேயே நெருக்கமாகப் படுத்துறங்குவர். கிராமத்தை விட்டு வந்த அவ்விளைஞர்களுக்கு ஓய்வு நேரத்தில் செல்லுமிடம் மதுக்கடையன்றி வேறில்லை. 1844-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், வில்லியம்சும் அவருடைய தோழர் பதினொருவரும் கூடிக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் வழங்குவது அதனையே. பன்னிரண்டு பேர் கொண்ட அச்சிறு கூட்டத்திலிருந்து உலகெங்கும் கிளைத்த இயக்கம் உண்டாயிற்று.

அச்சங்கம் அமெரிக்காவுக்குச் சென்றபோது, வேலை பார்க்கும் வாலிபர்க்கு மட்டுமன்றிப் பள்ளி மாணவர்க்கும் அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. 1889-இல் கான்சாஸ் மாநிலத்தில் சாப்மன் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் கழகம் ஒன்று தொடங்கப்பெற்றது. உயர்நிலைப் பள்ளி என்பதன் ஆங்கிலப் பெயரின் முதற்சொல்லையும் சங்கத்தின் பெயரின் முதலெழுத்தையும் இணைத்து, இத்தகைய கழகங்களை 'ஹை-ஒய்' என்று பின்னர் வழங்கலாயினர். மாணவியர்க்கும் அவ்வழியில் 'ட்ரை-ஹை-ஒய்' என்னும் கழகங்கள் அமைந்தன.

இவற்றின் நோக்கம் யாது? வீட்டிலும் பள்ளியிலும் ஊரிலும் கிறிஸ்தவ நற்பண்பின் உயர்ந்த தரத்தைத் தோற்றுவித்துக் காத்துப் பரப்புவது. நோக்கம் பெரிது, அதனை மாணவன் கைக்கு எட்டும்படி நான்கு தூய்மைகளாகப் பிரித்தனர். பேச்சில் தூய்மை, விளையாட்டில் தூய்மை, படிப்பில் தூய்மை, வாழ்க்கையில் தூய்மை என்பன அவை. இந்நான்கையும் கூர்ந்து நோக்குங்கள். இவற்றுள் ஒன்றேனும் வளர்ந்த பின்னர்க் கடைப்பிடிக்க வேண்டியதன்று. தோழனை இழிசொல்லால் அழைக்காதிருத்தல் இன்றே செய்யத்தக்கது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை நடுவர் காணாதபோதும் ஒப்புக்கொள்ளுதல் இன்று மாலையே செய்யத்தக்கது. தேர்வில் அடுத்தவன் தாளைப் பாராதிருத்தல் அடுத்த வாரமே செய்யத்தக்கது.

சங்கத்தின் சின்னமாகிய முக்கோணத்தையும் இங்கே கூறுதல் பொருந்தும். லூதர் குலிக் என்பார் 1891-இல் வகுத்த அச்சின்னத்தின் மூன்று பக்கங்களும் உடல், உள்ளம், ஆன்மா என்னும் மூன்றையும் குறிப்பன. ஒரு பக்கம் குறைந்தால் முக்கோணம் நிற்காது. ஆகையால்தான் இக்கழகங்களில் பிரார்த்தனைக்கு அடுத்தபடியாக விளையாட்டும் விவாதமும் இடம்பெற்றன. அதே 1891-ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த சங்கப் பயிற்சிப் பள்ளியில் குலிக்கின்கீழ்ப் பணியாற்றிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். நம் பள்ளி மைதானங்களில் ஆடப்பெறும் கைப்பந்தாட்டமும் 1895-இல் இச்சங்கத்தைச் சார்ந்த வில்லியம் மார்கனால் அமைக்கப்பெற்றதே.

இனி, ஒரு மாணவர் கழகம் உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம். இதுவே இப்பொருளின் உயிர்நிலை. பதினைந்து அல்லது இருபது மாணவர்கள் வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் கூடுவர். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தம்முள்ளேயே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். ஆசிரியர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ ஆலோசகராக இருப்பார்; ஆனால், அவர் தலைமை நாற்காலியில் அமர்வதில்லை. சென்ற வாரத்து நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் படிப்பார். எடுத்த முடிவு நிறைவேறியதா என்று கேட்கப்படும். பொருளாளர் வரவுசெலவைச் சொல்வார். பின்னர் அன்றைய பொருள் பற்றிய விவாதம் நடைபெறும். இறுதியில் செய்யவேண்டிய பணி பகிர்ந்தளிக்கப்பெறும்.

இதில் என்ன விந்தை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நடவடிக்கைக் குறிப்பேட்டை எண்ணிப் பாருங்கள். "மருத்துவமனைத் தோட்டத்துக்கு ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றேன்" என்று ஒரு மாணவன் உற்சாகத்தில் சொல்லிவிடுகிறான். சொல் காற்றோடு போய்விடவில்லை, குறிப்பேட்டில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அவன் பெயர் படிக்கப்படும். தோழர்கள் அனைவரும் அவன் முகத்தைப் பார்ப்பர். அடிப்பாரில்லை, அபராதம் விதிப்பாருமில்லை. ஆனால், வாக்களித்தபின் செய்யாதிருப்பது எத்தகைய உணர்ச்சியைத் தரும் என்பதை அவன் முதன்முறையாக அறிகிறான். வாய்மையைப் பற்றிய பத்துப் பிரசங்கங்கள் கற்பிக்காததை அந்தக் குறிப்பேடு கற்பித்துவிடுகிறது.

பொருளாளரின் நிலையும் அத்தகையதே. கழகத்தின் இருப்பு சில நூறு ரூபாயாக இருக்கலாம். அது அவன் பணமன்று. அவன் தந்தையின் பணமுமன்று. ஒரு நாள் பேருந்துக்குச் சில்லறை இல்லாதபோது, அதிலிருந்து பத்து ரூபாய் எடுத்து மறுநாள் வைத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்காமல் நடந்தே வீடு சேர்ந்தவன் கற்றது பெரும்பாடம். பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ நகராட்சிக்கோ அவன் பொறுப்பேற்கும்போது எண்களில்தான் மாற்றம் இருக்கும். சோதனை அன்று கண்ட அதே சோதனைதான்.

விவாதம் மற்றொரு பாடம். என் கருத்து தோற்றுவிட்டது. பெரும்பாலோர் வேறு முடிவு செய்துவிட்டனர். இப்பொழுது நான் என்ன செய்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறுவதா, அல்லது அவர்களுடைய முடிவை நிறைவேற்ற நானும் தோள்கொடுத்து, அடுத்த கூட்டத்தில் என் கருத்தை மீண்டும் எடுத்துரைப்பதா? வென்றவர்க்கும் கடமை உண்டு. தோற்றவர் சொன்னவற்றுள் கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா என்று அவர்கள் ஆராய்தல் வேண்டும். குடியாட்சி என்பது இந்த இரு பண்புகளின்மேல் நிற்பதன்றோ?

இக்கருத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது 1936-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைநகராகிய ஆல்பனியில் தொடங்கிய இளைஞர் சட்டமன்றத் திட்டம். அங்குள்ள சங்கத்தில் சிறுவர் பணிச் செயலாளராக இருந்த கிளெமென்ட் டுரான் என்பவர் இதனை அமைத்தார். பள்ளி மாணவர்கள் தாமே மசோதா எழுதி, சட்டமன்றத்தில் அமர்ந்து, விதிமுறைப்படி வாதிட்டு வாக்களித்தனர். நம் நாட்டிலும் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67-இல் டில்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டிகளைத் தொடங்கிற்று. இரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து எழுந்தனவாயினும், சட்டம் செய்வோர் பிறப்பதில்லை, பயிற்றப்பெறுகின்றனர் என்னும் உண்மையை ஒருங்கே உணர்த்துகின்றன.

சென்னையில் இவ்வியக்கம் வேரூன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து டேவிட் மக்கானகி என்பார் 1890-இல் சென்னைக்கு வந்து சங்கப் பணியைத் தொடங்கினார். மறு ஆண்டே, இந்திய நாட்டுச் சங்கங்களின் தேசிய மன்றம் சென்னையில் உருவாயிற்று. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் காணப்படும் செந்நிறக் கட்டிடம் 1900-இல் திறக்கப்பெற்றது. பிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கர் அதற்குப் பெருந்தொகை உதவினார்.

பணமும் தொடக்கமும் அயல்நாட்டினவாயினும், பொறுப்பை ஏற்று வளர்த்த தமிழர்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1895-இல் இச்சங்கத்தின் செயலாளருள் ஒருவரானார். 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தார். சேலத்தில் பிறந்த கே. டி. பால், 1916-இல் தேசியப் பொதுச் செயலாளர் பதவியை ஏற்ற முதல் இந்தியர். நகரத்துச் சங்கத்தின் கவனத்தைக் கிராமத்துக் குடியானவனின் கடன் சுமைமீதும் கல்விமீதும் திருப்பியவர் அவர். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். உடற்கல்வித் துறையில், ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் பள்ளிகளில் விசில் ஊதி ஆட்டத்தை நடத்தும் உடற்பயிற்சி ஆசிரியர் பலருக்கும் இக்கல்லூரியே தாய்வீடு.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. பல சமயத்தார் பயிலும் பள்ளியில், ஒரு சமயத்தின் பெயரால் பண்பு வளர்க்கும் கழகம் அமையலாமா? அது ஏனையோரை வெளியே நிறுத்திவிடாதா? இது நியாயமான கேள்வி. இதற்கு நம் அரசியலமைப்புச் சட்டம் தெளிவான வரம்பு வகுத்துள்ளது. முற்றிலும் அரசாங்கப் பணத்தால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில் எந்த மாணவனையும் அவனுடைய இசைவின்றி, அவன் வயது வராதவனாயின் பெற்றோரின் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்தலாகாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. எனவே, இத்தகைய கழகத்தில் சேர்வது முற்றிலும் விருப்பத்தைப் பொறுத்தது. சேராதவனுக்கு எந்தக் குறைவும் நேர்தலாகாது.

சட்டம் வகுத்த வரம்புக்கு அப்பால் மற்றொரு விடையும் உண்டு. அது இந்தியக் கிறிஸ்தவத் தலைவர்களின் வாழ்க்கையில் கிடைக்கிறது. அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராகவும் சிறுபான்மையோர் உபகுழுவின் தலைவராகவும் இருந்தவர் வங்காளத்துக் கிறிஸ்தவராகிய எச். சி. முகர்ஜி. சமயச் சிறுபான்மையோர்க்குச் சட்டமன்றங்களில் தனி இடம் ஒதுக்குவதை விட்டுவிடலாம் என்னும் முடிவுக்கு 1949-இல் முன்னின்றவர் அவரே. தம் சமூகத்துக்குக் கிடைக்கக்கூடிய இடங்களைத் தாமே விட்டுக்கொடுத்து, அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை நம்பினார். அம்முடிவு சரியா, தவறா என்று அரசியல் மாணவர்கள் வாதிடலாம். ஆனால், தன் சமயத்தில் உறுதியாக நிற்பவன் பொதுவாழ்வில் அனைவர்க்கும் உரியவனாக இருக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. எச்சமயத்தின் பெயரால் அமைந்த கழகத்துக்கும் இதுவே உரைகல்லாகும். பிரார்த்தனை அவரவர்க்குரியது, தெருவில் செய்யும் பணி அனைவர்க்கும் உரியது.

உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், இக்கழகங்களின் வரலாற்றில் மாற்றுக் குறைந்த பகுதியும் தெரிகிறது. அதனை மறைப்பது பேச்சில் தூய்மையாகாது. அமெரிக்காவின் பல ஊர்களில் வெள்ளை மாணவர்க்கு ஒரு கழகமும் கறுப்பு மாணவர்க்கு வேறொரு கழகமும் இருந்தன. வீட்டிலும் பள்ளியிலும் ஊரிலும் உயர்ந்த பண்பைப் பரப்புவோம் என்று உறுதிமொழி கூறியவர்கள், ஒரே ஊரில் வாழ்ந்த சக மாணவனோடு ஒரே பெஞ்சில் அமரவில்லை. அந்நாட்டுச் சங்கங்களின் தேசிய மன்றம் இனப் பாகுபாட்டை நீக்குமாறு 1946-இல் தீர்மானித்தது. அதன் பின்னரும் அது முற்றாக ஒழிய ஆண்டுகள் பல சென்றன.

அமெரிக்கரை நோக்கி நாம் விரல் நீட்டுவதற்கில்லை. நம் நாட்டில் சாதி, பள்ளிக்கூடத்தின் படியேறி வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாடு கண்டு நடுங்கிற்று. அதன்பின் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அளிக்கப்பெற்ற அவருடைய அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது என்று பரிந்துரைத்தது. அத்துடன், எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை அமைக்கலாம் என்றும் கூறிற்று. சாதிப் பகையைத் தணிக்க வழி தேடிய நீதிபதி, தண்டனையோடு நில்லாமல் மாணவர் அமைப்பு ஒன்றையும் நாடினார் என்பது கருதத்தக்கது. பலதரப்பட்ட மாணவர்கள் ஒரே பணியில் தோளோடு தோள் நிற்கும்போது உண்டாகும் நட்புக்கு ஈடான மருந்து வேறில்லை.

ஆகவே, ஒரு கழகத்தை மதிப்பிட விரும்பினால் அதன் கொடியையும் உறுதிமொழியையும் பார்க்க வேண்டா. அங்கே யார் யார் அருகருகே அமர்கின்றனர் என்று பாருங்கள். மீனவர் குப்பத்து மாணவனும் அதிகாரியின் மகனும் ஒன்றாக அமர்கின்றனரா? செயலாளர் பதவி ஒரே தெருவாருக்கே செல்கிறதா? ஏற்றுக்கொண்ட பணி முடிந்ததா? இவ்வினாக்களுக்கு வரும் விடையே அக்கழகத்தின் பண்பு.

இனி விம்கோ நகருக்குத் திரும்புவோம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. உடைந்த கப்பலிலிருந்து வெளிப்பட்ட கரிய எண்ணெய் அலைகளில் மிதந்து வந்து எர்ணாவூர்க் கடற்கரையின் பாறைகளில் தங்கிற்று. விம்கோ நகரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு அது. ஆமைகள் மடிந்தன; மீன் வாங்குவாரில்லை; மீனவர் தொழில் நின்றது. கடலோரக் காவல் படையினரும் மாநகராட்சிப் பணியாளரும் மீனவரும் மாணவர் பலரும் கூடி, குழம்பாகத் திரண்ட அவ்வெண்ணெயை வாளி வாளியாக மொண்டு அகற்றினர். யாரும் கட்டளையிடாமலே ஓடிவந்த இளைஞர்களின் உள்ளம் போற்றுதற்குரியது.

ஆனால், அந்நிகழ்ச்சி மற்றொன்றையும் கற்பித்தது. அவ்வெண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு விளைப்பது. தக்க கையுறையும் காலணியும் முகக்கவசமும் இன்றிப் பலர் அதில் இறங்கினர். நல்லெண்ணம் இருந்தது, ஆயத்தம் போதவில்லை. கழகம் என்பது இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே அமைதல் வேண்டும். கப்பல் மோதிய பின்னர் முதலுதவியைக் கற்க நேரமிராது. தம் ஊரில் எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பொருள் கையாளப்படுகிறது, வாயு கசிந்தால் காற்று வீசும் திசையறிந்து எப்பக்கம் விலகிச் செல்வது, எந்த எண்ணில் யாரை அழைப்பது என்பவற்றை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கும் இருபது மாணவர்கள், தொழிற்சாலை சூழ்ந்த ஊருக்குப் பெருங்காவல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் இதே தேவை மீண்டும் எழுந்தது. ஆறு, ஏரி முதலியவற்றைக் காப்பதும் பொதுச் சொத்தைப் பாதுகாப்பதும் சமய மொழி வேறுபாடு கடந்து சகோதர உணர்ச்சியை வளர்ப்பதும் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 51-அ பிரிவு கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் உள்ள அவ்வரிகளுக்குக் கடற்கரையில் உயிர் கொடுப்பவர் நீங்களே.

உங்கள் பள்ளியில் சாரணர் படை இருக்கலாம். இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் இருக்கலாம். கல்லூரியாயின் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும். பெயர் எதுவாயினும் குற்றமில்லை. எதுவுமே இல்லையாயின், நீங்களே தொடங்கலாம். அதற்குக் கட்டிடம் வேண்டா. ஒரு மரநிழல் போதும். இருபது பேருக்கு மேற்படாமல் சேருங்கள். கூட்டம் பெருகினால் பொறுப்பு மறைந்துவிடும். அவ்விருபதின்மரும் ஒரே தெருவினராகவோ ஒரே சமயத்தினராகவோ இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை அடக்காமலும் கைவிடாமலும் உடனிருக்கும் ஆசிரியர் ஒருவரை ஆலோசகராக வேண்டிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடும் ஒரு கணக்கேடும் வாங்குங்கள். முதல் மாதத்தில் ஒரே ஒரு சிறு பணியை மேற்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைத்திருத்தலாகவோ, பாடத்தில் பின்தங்கிய கீழ்வகுப்பு மாணவர் ஐவருக்கு மாலையில் உதவுதலாகவோ அது இருக்கலாம். அதனை முடித்தபின்பே அடுத்த பணியை எண்ணுங்கள். ஆண்டுக்கொரு முறை பொறுப்பாளரை மாற்றுங்கள். கணக்கை அனைவர் முன்னும் படியுங்கள்.

சில கூட்டங்கள் சப்பென்று முடியும். சிலர் சண்டையிட்டு விலகுவர். தொட்டியைக் கழுவ வருவதாகச் சொன்ன பதின்மருள் மூவரே வந்து நிற்பர். அன்றைக்கு அம்மூவரும் தொட்டியைக் கழுவிவிட்டு, அடுத்த கூட்டத்தில் கோபமின்றி அச்செய்தியைக் குறிப்பேட்டில் எழுதுவார்களாயின், அக்கழகம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். வராத எழுவருள் இருவராவது அடுத்த வாரம் வருவர். கடைத்தொழிலாளர் பன்னிரண்டு பேர் கூடியதிலிருந்து எழுந்த இயக்கத்தின் வரலாற்றை இன்று கேட்டீர்கள். உங்கள் வகுப்பறையில் பன்னிரண்டு பேருக்குக் குறைவில்லை. இந்த வாரத்திலேயே கூடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.